நீர்க்கடுப்பைச் சூடென்று தள்ளாதிருத்தல்: மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கான வழிமுறைகள்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவருக்கு முதல் ஓராண்டில் மிகுதியாக வரும் தொற்று சிறுநீர்ப் பாதைத் தொற்றே ஆகும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் சில நாள் மருந்திலேயே பெரும்பாலும் குணமாகிவிடும் இத்தொற்று, தள்ளிப்போடப்பட்டால் பொருத்தப்பட்ட சிறுநீரகத்துக்குள் ஏறி, அங்கிருந்து இரத்தத்திலும் கலந்து, உறுப்புக்கும் உயிருக்கும் ஆபத்தாக முடியக்கூடும். மதுரை வட்டாரத்தில் இந்தத் தாமதம் நேர்வதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் நீர்க்கடுப்பு வந்தால் அதை உடல் சூடு என்று எடுத்துக்கொண்டு, கால் பெருவிரலில் எண்ணெய் தடவியும், மோரில் வெந்தயம் போட்டு விழுங்கியும், இளநீர் குடித்தும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது பல வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. மற்றவர்களுக்குப் பெரிய தீங்கு செய்யாத இந்தப் பொறுமை, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு ஏற்றதன்று.

1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெற்றிகரமாகச் செய்யப்பட்ட மாற்று அறுவைச் சிகிச்சை, இன்று மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் நகரின் தனியார் மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதன் செலவை ஏற்பதால், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டிச் சிற்றூர்களில் வாழும் எளிய குடும்பத்தினரும் இச்சிகிச்சையைப் பெற முடிகிறது. அறுவை முடிந்து ஊர் திரும்பிய பிறகு, சிறுநீரக மருத்துவர் அருகில் இல்லாத வீட்டில், தொற்று வராமல் காப்பதும், வந்தால் முதல் சில மணி நேரத்தில் சரியானதைச் செய்வதும் நோயாளியின் கையிலும் குடும்பத்தாரின் கையிலுமே உள்ளன. அதற்கான செய்முறைகளை இந்த அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது.

தொற்று எளிதில் வருவதற்கான காரணங்கள்

பொருத்தப்பட்ட உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருப்பதற்காகத் தரப்படும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசலோன் ஆகிய நோயெதிர்ப்பு அடக்கிகள், கிருமியை எதிர்க்கும் உடலின் ஆற்றலையும் சேர்த்தே குறைக்கின்றன. புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ வைக்கப்பட்டு, அதன் சிறுநீர்நாளம் சிறுநீர்ப்பையில் புதிதாக இணைக்கப்படுவதால், பையிலிருக்கும் சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் திரும்ப ஏறும் வாய்ப்பு இயல்பான உடலைவிடக் கூடுதல். பெண்கள், நீரிழிவு உள்ளவர்கள், புராஸ்டேட் சுரப்பி வீங்கிய முதிய ஆண்கள், சிறுநீரக நீர்க்கட்டிகள் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மேலும் அதிகம். தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது குடலில் வாழும் ஈ.கோலை; கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ், சூடோமோனாஸ் ஆகியவையும் காணப்படுகின்றன.

முதல் ஆறு மாதங்கள்: குழாயும் ஸ்டென்ட்டும்

1. அறுவையின்போது சிறுநீர்ப்பையில் செருகப்படும் கத்தீட்டர் எனும் குழாய் வழக்கமாக ஒரு வாரத்துக்குள் எடுக்கப்படும். அதுவரை சிறுநீர் சேரும் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், தரையில் வைக்கக் கூடாது, குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2. சிறுநீர்நாள இணைப்பு ஆறுவதற்காக உள்ளே வைக்கப்படும் மெல்லிய ஸ்டென்ட் குழாய் பொதுவாக 2 முதல் 6 வாரங்களுக்குள் அகற்றப்படும். வீடு திரும்பும் நாளிலேயே, ஸ்டென்ட் வைக்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதியில் எடுக்கப்பட வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு, மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். மறந்துவிடப்பட்ட ஸ்டென்ட்டில் உப்புப் படிந்து கல்லாகி, கிருமிகள் அதில் குடியேறிக்கொள்ளும்.

3. ஸ்டென்ட் அகற்றப்பட்டபின் வரும் இரண்டு நாள்களில் காய்ச்சலோ குளிரோ வந்தால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

4. முதல் ஆறு மாதங்களுக்கோ அதற்கு மேலுமோ தரப்படும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை ஒருவகை நுரையீரல் தொற்றைத் தடுப்பதற்காகத் தரப்படுவது எனினும், சிறுநீர்த் தொற்றையும் குறைக்கிறது. அரிப்போ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே தவிர, தாமாக நிறுத்தக் கூடாது.

குறிப்பு: பல மாதங்கள் டயாலிசிஸில் இருந்தவரின் சிறுநீர்ப்பை பயன்பாடின்றிச் சுருங்கியிருக்கும், ஆகவே முதல் வாரங்களில் அடிக்கடி சிறுநீர் வருவது இயல்பே. ஸ்டென்ட் இருக்கும்போது லேசான எரிச்சலும் சிறிதளவு இரத்தமும் வரலாம். ஆனால் இது ஸ்டென்ட்டினால் வந்த தொல்லையா தொற்றா என்பதை வீட்டிலிருந்தபடி முடிவு செய்ய முடியாது. கல்சர் எனப்படும் கிருமி வளர்ப்புச் சோதனைதான் அதற்கு விடை தரும்.

அன்றாடத் தற்காப்பு

1. தண்ணீர். டயாலிசிஸ் காலத்தில் தண்ணீரை அளந்து, வாயை நனைக்குமளவுக்கே குடித்துப் பழகியவர்கள், மாற்றுக்குப் பிறகும் அறியாமலேயே அந்தக் கட்டுப்பாட்டைத் தொடர்கின்றனர். மருத்துவர் வேறு அளவு குறிப்பிடாதபோது நாளொன்றுக்குப் பொதுவாக 2 முதல் 3 லிட்டர் தேவைப்படும். அக்கினி நட்சத்திர நாள்களில் வியர்வையாக வெளியேறுவதையும் ஈடுகட்ட வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருப்பது போதிய நீருக்கு எளிய அடையாளம். இதய நோயோ வீக்கமோ உள்ளவர் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

2. நீரின் தூய்மை. குழாய் நீரானாலும் கேன் தண்ணீரானாலும் கொதிக்கவைத்து ஆறியதே பாதுகாப்பானது. சாலையோரக் கரும்புச் சாறு, ஐஸ் கலந்த பானம், திறந்து வைத்த ஜிகர்தண்டா ஆகியவற்றைக் குறிப்பாக முதல் ஆண்டில் தவிர்க்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உடல் வறண்டு சிறுநீரகம் பாதிக்கப்படுவதோடு, டாக்ரோலிமஸின் இரத்த அளவும் ஏறிவிடும்.

3. சிறுநீரை அடக்காமை. பகலில் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, உந்துதல் இல்லாவிட்டாலும், கழிக்க வேண்டும். கழித்தபின் ஓரிரு நிமிடம் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயன்றால் பையில் தேங்கியிருக்கும் மிச்சமும் வெளியேறும்.

4. கழுவும் முறை. பெண்கள் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகவே கழுவ வேண்டும். எதிர்த்திசையில் கழுவினால் மலவாயிலுள்ள கிருமிகள் சிறுநீர்த் துளைக்கு வந்து சேரும். கிருமிநாசினித் திரவங்களையும் வாசனைப் பொருள்களையும் அவ்விடத்தில் பயன்படுத்துவது இயற்கையான தற்காப்பைக் கெடுக்கும். மாதவிடாய்க் காலத்தில் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டும்.

5. தாம்பத்திய உறவு. உறவுக்குப் பின் சிறுநீர் கழித்துவிட்டுக் கழுவிக்கொள்வது தொற்றைக் குறைக்க உதவும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அடிக்கடி தொற்று வந்தால், உள்பூச்சாகப் பயன்படும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு குறித்து மருத்துவரிடம் கேட்கலாம்.

6. மலச்சிக்கலும் சர்க்கரையும். மலம் தேங்கினால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. பிரெட்னிசலோனும் டாக்ரோலிமஸும் முன்பு சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் அதை வரவழைக்கக்கூடியவை. ஆகவே சர்க்கரை அளவை மருத்துவர் சொன்ன வரம்புக்குள் வைத்திருப்பதும் தொற்றைத் தடுக்கும் வழியே.

பேருந்துப் பயணத்துக்கான குறிப்பு: சுத்தமான கழிப்பறை கிடைக்காது என்ற அச்சத்தில், பரிசோதனைக்காக மதுரைக்கு வரும் பெண்கள் பலர் விடியற்காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் புறப்பட்டு, மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ இறங்கி, மருத்துவமனை வரிசையிலும் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு நிற்கின்றனர். இப்பழக்கம் தொற்றுக்கு நேரடியாக இடம் தருகிறது. புறப்படுமுன் கழித்துவிட்டு, கொதித்து ஆறிய நீர்ப் புட்டி ஒன்றும், கழுவுவதற்குத் தனி நீர்ப் புட்டியும், சோப்பும் எடுத்துச் செல்வதும், மருத்துவமனை சேர்ந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்குச் செல்வதும் வழக்கமாக வேண்டும்.

எச்சரிக்கைக் குறிகள்

அதே நாளில் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டியவை: சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் அல்லது கடுப்பு, அடிக்கடி, அடக்க முடியாத உந்துதல், கலங்கிய அல்லது நாற்றமுள்ள சிறுநீர், சிறுநீரில் இரத்தம், அடிவயிற்று வலி.

உடனே, இரவானாலும், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை: 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல். உடல் நடுங்கும் குளிர். பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் மேல் வலி, வீக்கம் அல்லது தொட்டால் நோவு. சிறுநீரின் அளவு குறைதல். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேல் எடை கூடுதல். மாத்திரையை வயிற்றில் நிறுத்த முடியாத வாந்தி. மயக்கம், குழப்பம், மூச்சுத் திணறல்.

இரண்டு செய்திகளை இங்கே மனத்தில் பதிக்க வேண்டும். முதலாவது, பொருத்தப்பட்ட சிறுநீரகத்தின் நரம்புத் தொடர்புகள் அறுவையின்போது துண்டிக்கப்படுவதால், மற்றவர்களுக்குத் தொற்றின்போது விலாவுக்குக் கீழே முதுகில் தோன்றும் கடுமையான வலி இவர்களுக்குப் பெரும்பாலும் வருவதில்லை. எனவே நாள்தோறும் குளிக்கும்போது அடிவயிற்றுத் தழும்பின் மேல் உள்ளங்கையை மெல்ல அழுத்திப் பார்த்து, நேற்றைவிட நோவோ பெருக்கமோ உண்டா என்று கவனிக்க வேண்டும். இரண்டாவது, பிரெட்னிசலோன் காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், காய்ச்சல் இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது.

அறிகுறி தோன்றிய முதல் மணி நேரத்தில்

1. உடல் வெப்பத்தை வெப்பமானியால் அளந்து, நேரத்துடன் எழுத வேண்டும். அளக்குமுன் பாராசிட்டமால் விழுங்கினால் காய்ச்சலின் உண்மையான அளவு தெரியாமல் போய்விடும்.

2. எடை, இரத்த அழுத்தம், கடந்த 24 மணி நேரத்தில் கழித்த சிறுநீரின் தோராய அளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. மாற்று சிகிச்சை செய்த மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவைத் தொலைபேசியில் அழைத்து, மாற்று நடந்த தேதி, தற்போதைய மருந்துகள், கடைசி கிரியாட்டினின் அளவு ஆகியவற்றைச் சொல்லிவிட்டு அறிகுறிகளை விவரிக்க வேண்டும்.

4. நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எதையும் விழுங்குமுன் சிறுநீர் மாதிரி கொடுத்துவிட வேண்டும். மாத்திரை போட்டபின் எடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகக்கூடும். அப்படியானால் எந்த மருந்து பலிக்கும் என்பது தெரியாமலேயே சிகிச்சையைத் தொடர நேரும்.

5. நடுக்கமோ மயக்கமோ இருந்தால் மாதிரிக்காகக் காத்திராமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். மாதிரியை மருத்துவமனையில் எடுத்துக்கொள்வார்கள்.

6. நோயெதிர்ப்பு அடக்கிகளைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. அவற்றை மாற்றும் முடிவு சிறுநீரக மருத்துவருக்கே உரியது.

சிறுநீர் மாதிரியை முறையாக எடுத்தல்

1. ஆய்வகத்தில் கிருமி நீக்கிய, இறுக்கமான மூடியுள்ள குப்பியை வாங்க வேண்டும். வீட்டு மருந்துக் குப்பிகளைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது.

2. காலையில் எழுந்தவுடன் வரும் முதல் சிறுநீர் சிறந்தது. அவசரமெனில் எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

3. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவியபின், பிறப்புறுப்பைச் சுத்தமான நீரால் கழுவித் துடைக்க வேண்டும். பெண்கள் உதடுகளை விரலால் விலக்கிப் பிடித்துக்கொள்ளவும், ஆண்கள் முன்தோலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவும் வேண்டும்.

4. முதலில் வரும் சிறுநீரைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, இடையில் வருவதைக் குப்பியில் பிடித்து, கடைசிப் பகுதியை மீண்டும் கழிப்பறையில் விட வேண்டும். குப்பியின் விளிம்பையும் மூடியின் உட்புறத்தையும் விரலோ உடலோ தொடலாகாது.

5. மூடியை இறுக்கி, பெயர், தேதி, நேரம் எழுதி, ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். மதுரை வெயிலில் பையிலேயே கிடக்கும் மாதிரியில் கிருமிகள் பன்மடங்கு பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும்.

6. ஆய்வகம் தொலைவில் இருந்தால், குப்பியை உறையில் இட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்தில் எடுத்துச் செல்லலாம். 4 டிகிரி குளிரில் 24 மணி நேரம் வரை மாதிரி தாங்கும்.

குறிப்பு: டாக்ரோலிமஸ் அளவுக்கான இரத்தப் பரிசோதனையும் அதே காலையில் இருந்தால், இரத்தம் கொடுக்கும்வரை காலை மாத்திரையை விழுங்காமல் கையில் எடுத்துச் செல்ல வேண்டும்.

அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

சாதாரணச் சிறுநீர்ச் சோதனையில் சீழ் அணுக்கள் கூடியிருந்தால் அழற்சி இருப்பது தெரியும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது இரண்டு மூன்று நாளில் வரும் கல்சர் அறிக்கையில்தான் தெரியும். ஒரு மில்லிலிட்டரில் 1,00,000-க்கு மேற்பட்ட கிருமிக் கூட்டங்கள் இருப்பது வழக்கமான அளவுகோல். அறிகுறி உள்ளவருக்கு அதைவிடக் குறைந்த எண்ணிக்கையும் பொருட்படுத்தத்தக்கதே. மருந்துகளின் பெயருக்கு எதிரே ‘எஸ்’ என்றிருந்தால் கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படும் என்றும், ‘ஆர்’ என்றிருந்தால் கட்டுப்படாது என்றும் பொருள். பல கிருமிகள் கலந்து வளர்ந்ததாக அறிக்கை சொன்னால், மாதிரி எடுத்தபோது மாசு கலந்திருக்கலாம் என்பதால் மீண்டும் எடுக்க வேண்டும்.

அறிகுறி எதுவுமின்றி அறிக்கையில் மட்டும் கிருமி காணப்படுவதும் உண்டு. மாற்று முடிந்து ஒரு மாதம் கடந்தவருக்கு இத்தகைய நிலையில் மருந்து தர வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. தேவையற்ற மருந்து, அடுத்த முறை வரும் கிருமியை மருந்துக்கு அடங்காததாக ஆக்கிவிடும். ஆகவே மருத்துவர் மருந்து எழுதாமல் அனுப்பினால் அதை அலட்சியம் என்று எண்ணலாகாது. மாறாக, சீழ் அணுக்கள் தொடர்ந்து இருந்தும் கல்சரில் எதுவும் வளராவிட்டால், முன்பே விழுங்கிய மருந்தோடு சிறுநீர்ப் பாதைக் காசநோயையும் இந்தியச் சூழலில் நினைக்க வேண்டும்; அதற்கான தனிச் சோதனை பற்றிக் கேட்பது நல்லது.

மருந்துக் காலம்

சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்குப் பெரும்பாலும் 5 முதல் 10 நாள்களும், பொருத்தப்பட்ட சிறுநீரகத்தை எட்டிய தொற்றுக்கு ஏறத்தாழ 14 நாள்களும் மருந்து தேவைப்படும். பின்னதற்கு மருத்துவமனையில் தங்கி ஊசிவழி மருந்து பெற நேரலாம். எரிச்சல் இரண்டாம் நாளிலேயே அடங்கிவிட்டாலும் எழுதிக்கொடுத்த நாள்கள் முடியும்வரை மருந்தைத் தொடர வேண்டும். இரண்டு நாள் மருந்துக்குப் பிறகும் காய்ச்சல் தணியாவிட்டால், கல்சர் அறிக்கையோடு மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டும்.

வழக்கமாக நேரும் தவறுகள்

1. மருந்துக்கடையில் கேட்டு வாங்குதல். நார்ஃபிளாக்சசின், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவற்றுக்குக் கட்டுப்படாத கிருமிகள் இந்தியாவில் பெருகிவிட்டன. நைட்ரோஃபுரன்டாயின், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவரிடம் போதிய பலன் தராது.

2. நீர்க்கடுப்புக்கான சிட்ரேட் சிரப். இவற்றில் சிலவற்றில் பொட்டாசியம் உள்ளது. டாக்ரோலிமஸும் கோட்ரைமாக்சசோலும் ஏற்கெனவே இரத்தப் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை என்பதால், மேலும் ஏறும் பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கலாம். இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியம் நிறைந்தவையே; கடைசிப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் அனுமதித்த அளவே அவற்றுக்கு வரம்பு.

3. வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் ஆகியவை மாற்றுச் சிறுநீரகத்தை நேரடியாகப் பாதிக்கின்றன.

4. மாற்று பற்றிச் சொல்லாமல் வேறு மருத்துவரிடம் மருந்து பெறுதல். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், பூஞ்சைக்கான ஃபுளூகோனசோல் ஆகியவை டாக்ரோலிமஸின் இரத்த அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும். ஏறினால் அது சிறுநீரகத்துக்கு நஞ்சாகும், இறங்கினால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கக்கூடும்.

5. நெருஞ்சில், சிறுபீளைக் கஷாயம் அல்லது கலவை தெரியாத பொடி. இவற்றின் பலன் எதுவாயினும், நோயெதிர்ப்பு அடக்கிகளோடு சேரும்போது என்ன நேரும் என்பது சோதிக்கப்படாததால், சிறுநீரக மருத்துவரைக் கேளாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொற்று திரும்பத் திரும்ப வந்தால்

ஆறு மாதத்தில் இருமுறையோ ஓராண்டில் மும்முறையோ தொற்று வந்தால், ஒவ்வொரு முறையும் மருந்து மட்டும் வாங்கித் திரும்பாமல் காரணத்தைத் தேடுமாறு கேட்க வேண்டும். கல் அல்லது அடைப்பு இருக்கிறதா, கழித்தபின் பையில் எவ்வளவு சிறுநீர் எஞ்சுகிறது, புராஸ்டேட் வீங்கியுள்ளதா, சிறுநீர் மேலேறுகிறதா, ஸ்டென்ட் உள்ளே தங்கிவிட்டதா, பழைய சிறுநீரகங்களில் தொற்று பதுங்கியுள்ளதா என்பவற்றை ஸ்கேனும் பிற சோதனைகளும் காட்டும். இதற்கு உதவியாக, தொற்று வந்த தேதி, கிருமியின் பெயர், தரப்பட்ட மருந்து, கிரியாட்டினின் அளவு ஆகிய நான்கையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி வர வேண்டும்.

வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை

வெப்பமானி, எடைக்கருவி, இரத்த அழுத்தமானி, அளவு குறித்த குவளை, கிருமி நீக்கிய மாதிரிக் குப்பிகள் இரண்டு, குறைந்தது ஒரு வாரத்துக்கான நோயெதிர்ப்பு அடக்கிகள், கடைசி அறிக்கைகளின் நகல், காப்பீட்டு அட்டை, சிறுநீரகப் பிரிவின் தொலைபேசி எண் ஆகியவை ஒரே பையில் இருக்க வேண்டும். அப்பை இருக்கும் இடம் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உறவினர் ஒருவர் தம் உடலிலிருந்து பகிர்ந்ததாலோ, மூளைச்சாவடைந்த ஒருவரின் குடும்பம் தம் துயரத்தின் நடுவே இசைந்ததாலோ கிடைத்த உறுப்பு இது. நீர்க்கடுப்பு தோன்றிய அன்றே மாதிரியைக் கொடுத்து, மருத்துவரை அழைத்து, அதன் பிறகே மருந்தைத் தொடுவது என்ற ஒழுங்கை நோயாளியும் குடும்பத்தாரும் ஒருநாளும் தளர்த்தாமல் கடைப்பிடிக்க வேண்டும்.